மாஸ்டரின் பத்தாவது உதை

அன்று கிக்பாக்ஸிங் கூடத்தில் இருந்தவர்கள் மாஸ்டர் தேவசகாயம், மாணவர்கள் பதினொருவர், தரை துடைக்கும் செங்கமலம், ஆகப் பதின்மூன்று பேர்.

"ரெண்டு குத்து, உடனே ஒரு உதை. எவனும் தப்ப முடியாது," என்றார் மாஸ்டர்.

செங்கமலம் சிரித்துவிட்டாள்.

"சிரிப்பா? இந்தா, குத்து வாங்குற பேடைப் பிடி. பத்து உதையில ஒண்ணு பட்டாலும் உனக்கு வேலை இல்லை!"

குத்துகளைப் பேடில் வாங்கினாள். ஒன்பது உதைக்கும் விலகிவிட்டாள்.

"எப்படிக்கா?" என்றான் ஒரு மாணவன்.

"குத்துன பிறகு டவுசரை மேல இழுத்துட்டுத்தான் ஐயா காலைத் தூக்குவாரு. அதுக்குள்ள நான் பாதித் தரையைத் துடைச்சிடுவேன்."

பத்தாவது முறை மாஸ்டர் இழுக்காமலே உதைத்தார். டவுசர் இறங்கிக் காலைக் கட்டியது. தொப்பென்று உட்கார்ந்தார்.

பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். மிச்சம் ஒருவர்.