அவங்க பாத்துப்பாங்க

வடபழனியில், ரெக்கார்டிங் தியேட்டர்கள் அடுத்தடுத்து இருக்கிற ஒரு தெருவில், பத்தொன்பது வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தாள் செண்பகவல்லி. ஆனால் அவள் பாடியது எதுவும் யார் வீட்டிலும் கேட்டதில்லை.

அவள் டிராக் பாடுகிறவள். பெயர் பெற்ற பாடகி வருவதற்கு முன்னால், மெட்டு இப்படி, வரி இப்படி என்று காட்ட யாராவது பாடி வைக்க வேண்டும் இல்லையா, அந்த யாரோ இவள்தான். பாடகி வருவார். ஹெட்போனில் இவள் குரலைக் கேட்டுக்கொள்வார். தான் பாடிவிட்டுப் போவார். அப்புறம் இவள் குரலை அழித்துவிடுவார்கள்.

அதில் வருத்தம் ஒன்றுமில்லை என்று செண்பகவல்லி சொல்லுவாள். கேட்காதவர்களிடமும் சொல்லுவாள்.

அவளுடைய குரு சிகாமணி அவளைவிட ஏழு வயது இளையவர். ஆல்பங்களுக்கு மெட்டுப் போடுகிறவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரிடம் போய், "எனக்குப் பாட்டு சொல்லித் தாங்க" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் அவரை மாஸ்டர் என்பாள், அவர் அவளை அக்கா என்பார். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு யார் குரு, யார் சிஷ்யை என்று பிடிபடவே நேரமாகும்.

அந்த வருஷம் சிகாமணி எட்டுப் பாட்டு மெட்டமைத்தார். எட்டும் வீடு திரும்புகிறவர்களின் பாட்டு. பாட்டுக் கம்பெனி வைத்திருந்த பக்ருதீன் பாயிடம் போய், "இதைச் செண்பகவல்லி பாடட்டும்" என்றார்.

பாய் மறுக்கவில்லை. "முதல் பாட்டை வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து கேக்கறேன். அது மனசுல நின்னா, ஆல்பம் முழுக்க அவங்க குரல், அட்டையில அவங்க பேரு. இல்லேன்னா பேர் தெரிஞ்ச யாரையாவது கூப்பிட்டுக்கலாம். இந்தம்மா பாடினது டிராக்கா இருந்துட்டுப் போகட்டும்."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் செண்பகவல்லி மைக் முன்னால் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிகாமணி.

ஊரெல்லாம் சுத்தி வந்தேன், கால் ரெண்டும் ஓஞ்சு வந்தேன், கதவைத் திற, நான்தான்.

இதுதான் பல்லவி. மூன்று சரணமும் அந்த 'நான்தான்' என்பதில்தான் வந்து முடியும்.

சுருதி பிசகவில்லை. தாளம் பிசகவில்லை. ஏழு தடவை பாடினாள். ஏழு தடவையும் சிகாமணி, "சரியா இருக்குக்கா" என்றார்.

எட்டாவது தடவை அவள் பாடவில்லை. வெளியே வந்துவிட்டாள்.

"சரியா இருந்தா உங்க முகம் ஏன் மாஸ்டர் இப்படி இருக்கு?"

"பொறந்ததிலேருந்தே இப்படித்தான்க்கா. எங்கம்மாவைக் கேட்டுப் பாருங்க."

"விளையாடாதீங்க. எங்கே இடிக்குது, சொல்லுங்க."

சிகாமணி உள்ளே போனார். அவள் பாட்டு எழுதி வைத்திருந்த தாளை எடுத்துக்கொண்டு வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"கதவைத் திற, நான்தான். இது என்ன, இதுக்குக் கீழே பென்சில்ல? 'இங்கே அவங்க பாத்துப்பாங்க.'" நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கா அந்த அவங்க?"

செண்பகவல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பழக்க தோஷம் மாஸ்டர். டிராக் பாடும்போது சில இடத்துல நான் சங்கதி, வளைவு எதுவும் போடாம வெறுமனே இழுத்து விட்டுருவேன். பாட வர்றவங்க அவங்க இஷ்டத்துக்குப் போட்டுக்கட்டும்னு. மறந்துடக் கூடாதேன்னு தாள்ல இப்படிக் குறிச்சு வைப்பேன். கை தானா எழுதியிருக்கு."

"நாலு இடத்துல எழுதியிருக்கு."

"நாலு 'நான்தான்' வருதே."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிகாமணியும் சிரித்தார். அவள் ரப்பரை வாங்கி நாலையும் அழித்தாள். ஊதித் துடைத்தாள். மறுபடி மைக் முன்னால் போய் நின்றாள்.

'நான்தான்' வந்தது. வெறுமனே இழுத்து விட்டாள்.

இன்னொரு தடவை. மறுபடியும் அப்படியே.

பாடிப் பாடி மூன்று மணியாகிவிட்டது. ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தாள்ல அழிச்சுட்டேன் மாஸ்டர். தொண்டையில அழிய மாட்டேங்குது. அந்த இடம் வந்தா யாருக்கோ வழி விட்டு ஒதுங்கி நிக்கறேன். என்ன பண்றதுன்னு தெரியலை."

சிகாமணி எழுந்தார். தியேட்டரின் கனத்த கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"நல்ல டிராக்குக்கா. ரொம்ப நன்றி. மூணரைக்குப் பாடறவங்க வர்றாங்க. நீங்க கிளம்புங்க."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அது எப்போதும் போல்தான் இருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தெருமுனை டீக்கடையில் ஒரு டீ சொன்னாள். கிளாஸைக் கையில் வாங்கினாள். குடிக்கவில்லை.

யாரைக் கூப்பிட்டிருப்பார்? தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒருத்தி அந்த நான்தானை மேலே தூக்கிக்கொண்டு போய் நிறுத்துவாள், கைதட்டல் வாங்கும். இன்னொருத்தி ஏழு வளைவு வளைத்து இறக்குவாள்.

"நாள் பூரா அலைஞ்சுட்டு வாசல்ல நிக்கறவ எதுக்குடி வளைக்கப் போறா?" என்றாள் வாய்விட்டு.

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்னையாக்கா?"

"உங்களை இல்லண்ணே. வீட்டுக்கு வந்தவ கத்த மாட்டா. ஊருக்கா சொல்றா? உள்ளே இருக்கற ஒரு ஆளுக்குத்தானே சொல்றா. குரல் கீழே இறங்கணும். இறங்கி, கதவுகிட்ட வச்சுச் சொல்லணும்."

"சொல்லணும்தான். டீ ஆறுதுக்கா."

அவள் டீயை அப்படியே வைத்துவிட்டு நடந்தாள். பாதித் தெருவில் ஓடவே தொடங்கிவிட்டாள். இரண்டு கையாலும் தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"வர்றவங்க எவ்வளவு பெரிய ஆளா வேணா இருக்கட்டும் மாஸ்டர்! அந்த இடத்துல மேலே போகக் கூடாதுன்னு சொல்லிடுங்க. பாட்டே செத்துப் போயிரும். நான் உசிரோட இருக்கறவரை விட மாட்டேன்!"

சிகாமணி பதறவில்லை. "பின்னே எப்படிப் போகணும்?"

"கீழே."

"கீழேன்னா எப்படி? வாயால சொன்னா எனக்கு விளங்கலை. மைக்ல போய்ப் பாடிக் காட்டுங்க."

அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். தாளைப் பார்க்கவில்லை. மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. பல்லவியை எடுத்தாள்.

முதல் நான்தான் இறங்கி வந்து கதவோரம் நின்றது. இரண்டாவதில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. மூன்றாவதில் கோபம். நாலாவதைக் கிட்டத்தட்ட பேசவே செய்தாள்.

கண்ணைத் திறந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பக்ருதீன் பாய் நின்றுகொண்டிருந்தார். நாலு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார் போலிருக்கிறது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார்.

அவள் வெளியே வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அட்டையில பேரை எப்படிம்மா போடணும்? செண்பகவல்லின்னு மட்டுமா, இனிஷியலோடவா?"

அவள் தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவருக்கும் புரியவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு, ஃபோன் பேச வெளியே போனார்.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"மாஸ்டர், மூணரைக்குப் பாட ஒருத்தங்களை வரச் சொல்லியிருந்தீங்களே. பாவம், வந்து நின்னா என்ன பதில் சொல்லுவீங்க?"

சிகாமணி அவள் பாடியதைப் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"கரெக்டா மூணரைக்கு வந்துட்டாங்கக்கா. கொஞ்சம் கோபமா வந்தாங்க."