கைப்பிரேக்கின் சத்தம்

தென்காசிக்கு மேற்கே, மலைச்சாலையின் நான்காவது வளைவைத் தாண்டினால் ஒரு சிறிய மடம். அதன் தலைவர் அம்பலவாண சுவாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் திரவியத்துக்கு அறுபத்திரண்டு. பாலிடெக்னிக்கில் பட்டறை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, மனைவி உலகம்மாளோடு மடத்துக்கே குடிவந்துவிட்டவர். சீடர்தான் என்றாலும் சுவாமி அவரை அண்ணாச்சி என்றும் உலகம்மாளை மதினி என்றுமே கூப்பிடுவார்.

மடத்தின் பழைய காரைத் திரவியம்தான் ஓட்டுவார். மதியம் ஊருக்கு இறங்கிக் காய்கறியும் மருந்தும் வாங்கிக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவார். வீட்டுக்குள் நுழையும்போது தட்டில் சோறும் கொதிக்கக் கொதிக்கக் குழம்பும் இருக்கும். அது எப்படி என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஒரு நாள் அவர் சுவாமியின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு மௌன விரதம் கொடுங்க சாமி. பக்குவம் வந்துட்டுன்னு நினைக்கேன்."

"எப்படித் தெரியும்?"

"பேச்சு தானாக் குறைஞ்சிட்டு. வீட்டுல நாலு வார்த்தைக்கு மேல கிடையாது."

"மதினி என்ன சொல்லுதாங்க?"

"அவ ஒண்ணும் சொல்லுததில்லை."



"நீங்க பேசலை, சரி. உங்க கார் ஊருக்கே கேக்குற மாதிரி பேசுதே. முதல்ல அதை அடக்குங்க. பிறகு பார்ப்போம்."

அவர் சொன்னது கைப்பிரேக்கை. போன வருஷச் சாரலில் ஆரம்பித்த தொல்லை அது. வண்டியை நிறுத்தி லீவரை இழுத்தால், பின்னாலிருந்து கிரீச் என்று ஒரு அலறல் கிளம்பும். தொழுவத்தில் கன்றுக்குட்டி துள்ளி எழும். திரவியத்துக்கு மட்டும் அது பழகிப்போயிருந்தது.

மறுநாள் காலை அவர் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டுக் காருக்கு அடியில் படுத்தார். சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க, உள்ளே உட்கார்ந்து லீவரை இழுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த நேரத்தில் சும்மா இருந்தவர் குரு ஒருவர்தான்.

"இழுங்க சாமி."

"இழுத்தாச்சு."

"விடுங்க."

"விட்டாச்சு."

"இன்னொரு தடவை. மெதுவா."

குருவுக்கு உத்தரவு போடுகிற பாக்கியம் எந்தச் சீடருக்குக் கிடைக்கும்? திரவியத்துக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. அவர் காது முழுக்க இடது பின்சக்கரத்தில் இருந்தது.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மையும் தட்டி எடுத்தார். கேபிளின் ரப்பர் மூடி கிழிந்து உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. துருப்பிடித்த கேபிள் உறைக்குள் நகர மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. பிரேக் ஷூ உட்காரும் தகடும் காய்ந்து துருவேறிக் கிடந்தது. தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ஷூவில் பட்டுவிடாமல் உரசும் இடங்களில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் தொட்டு வைத்தார். புதுக் கேபிள் மாட்டினார். லீவரை இழுத்துப் பார்த்தால், இழுத்ததே தெரியவில்லை. பாலிடெக்னிக்கை விட்டு வந்தபிறகு அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அன்று மதியம் வழக்கம்போல ஊருக்குப் போனார். திரும்பும்போது சாரல் கனத்துப் பெய்தது. வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத பின்பக்கக் கொட்டகையில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தார். கன்றுக்குட்டி படுத்தபடியே இருந்தது. பெருமை தாங்காமல், வீட்டுக்குப் போகாமல் நேரே தியான மண்டபத்தில் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார்.

பூஜை மணி அடித்தபிறகே எழுந்து போனார். வீடு சாத்தியிருந்தது. உள்ளே தட்டு வைத்திருந்தது, அடுப்பு மூட்டாமல் கிடந்தது. மூலையில் குடையைக் காணோம்.

மடப்பள்ளியில் விசாரித்தார். கார் இன்னும் வரலையே என்று உலகம்மாள் இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்ததாகவும், கடைசியில் குடையை எடுத்துக்கொண்டு மலைச்சாலையில் இறங்கிப் போய்விட்டதாகவும் சமையல்காரர் சொன்னார்.

திரவியம் ஓடிவந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் சுவாமி எழுந்துவிட்டார். கூடவே வந்து காரில் ஏறிக்கொண்டார்.

இரண்டாவது வளைவில், விளக்கு வெளிச்சத்தில் ஒரு குடை தெரிந்தது. உலகம்மாள் ஒரு கையால் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே சேலை முழுக்க நனைந்திருந்தது.

சுவாமி இறங்கிப் போய்க் கூட்டிவந்தார். அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை. திரவியத்தின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுவாமியிடம் சொன்னாள்.

"லாரி போச்சு, எஸ்டேட் ஜீப்பு போச்சு. நம்ம சத்தம் மட்டும் வரவே இல்லை சாமி. அதைக் கேட்டுத்தான் நான் குழம்பை அடுப்புல ஏத்துவேன்."

"நான்தான் மதினி அடக்கச் சொன்னேன். தப்பு என் பேர்ல."

திரவியம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. அது மௌனம் இல்லை, அழுகை.

மடத்துக்கு வந்து வண்டியை நிறுத்தினார். உலகம்மாள் இறங்கி அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டாள். திரவியம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பழைய கேபிளை இன்னும் தூரப் போடலை சாமி. காலையில அதையே திரும்ப மாட்டிருதேன்."

"எதுக்கு? பிரேக் இப்பதானே நல்லா இருக்கு."

"பிறகு நான் வந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க போய்ச் சொல்லுங்க."

திரவியம் கதவைத் திறந்து இறங்கினார். இரண்டடி நடந்தவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அப்போ என் விரதம் சாமி?"

"அது இன்னைக்கோட முடிஞ்சிட்டு அண்ணாச்சி. போய்ச் சாப்பிடுங்க."