துரை சொன்ன கம்பளி வார்த்தை

செங்குறிச்சிப் பாளையத்து ராஜா பொம்மையசாமி நாயக்கருக்கு அன்றைக்குச் சபையில் உடம்பு மட்டும்தான் இருந்தது. மனசெல்லாம் யானைக் கொட்டாரத்தில். அவருடைய செல்ல யானை காலையிலிருந்து பிரசவ வேதனையில் கிடந்தது.

எதிரே பார்க்கர் துரை பேசிக்கொண்டே இருந்தார். துபாஷி வைத்தியலிங்கம் பிள்ளை அதைத் தமிழில் எடுத்துச் சொன்னார். கரடிக் கணவாயை விட்டுக்கொடுக்க வேண்டும், துரை அங்கே கோட்டை கட்டுவார் என்றபோதும் ராஜா தலையாட்டினார். பாளையத்துக்கு வாசலே அந்தக் கணவாய்தான்.

துரை தன் குமாஸ்தாவிடம் இங்கிலீஷில் முணுமுணுத்தார்: "ராஜா உல்-கேதரிங் செய்கிறார். சம்மதம் என்று எழுதிக்கொள்."

குமாஸ்தா காகிதத்தை நீட்டி முத்திரை கேட்டான். ராஜா விழித்தார். "எதற்கு?"

பிள்ளை விஷயத்தைச் சொன்னார். "நான் எப்போது சம்மதித்தேன்?" என்று ராஜா காகிதத்தைத் தள்ளினார்.

"தலையாட்டியதைச் சபையே பார்த்தது. ராஜா வாக்கு மாறலாமா?" என்றார் துரை.

பிள்ளை கைகட்டிக்கொண்டு துரையிடம் இங்கிலீஷில் கேட்டார். "ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை, துரை. துபாஷி என்ற பேருக்கே இழுக்கு. சற்றுமுன் உல்-கேதரிங் என்றீர்களே, அப்படியென்றால்?"

தன் பாஷையைப் பற்றிப் பேசத் துரைக்குக் கசக்குமா? காலை நீட்டி உட்கார்ந்தார். "உல் என்றால் ஆட்டு ரோமம். கேதரிங் என்றால் பொறுக்குவது. எங்கள் ஊரில் ஆடுகள் முள்வேலியை உரசிக்கொண்டு போகும். ரோமம் முள்ளில் சிக்கும். அதைப் பொறுக்க ஏழைகள் புதர் புதராக அலைவார்கள். மனசும் அப்படி அலைந்தால் அதற்கு இந்தப் பேர்."

"அப்படி அலைகிறவருக்கு எதிரில் பேசுவது காதில் விழுமா?"

"பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் விழாது."

பிள்ளை அவ்வளவையும் தமிழில் சபைக்குச் சொன்னார். பிறகு துரையிடம் திரும்பி, சபைக்கும் புரியும்படி இரண்டு பாஷையிலும் பேசினார்.

"அந்த வார்த்தையை நீங்கள் சொன்னது எங்கள் ராஜாவைப் பற்றி. என் காதால் கேட்டேன். அது நிஜமென்றால், நீங்கள் கேட்டது எதுவும் அவர் காதில் விழவில்லை. விழாததற்குச் சம்மதம் ஏது? பொய்யென்றால், ராஜாவை அவர் சபையிலேயே அவமதித்திருக்கிறீர்கள். எது என்று சொல்லுங்கள், குமாஸ்தா எழுதிக்கொள்ளட்டும்."

துரை குமாஸ்தாவிடம் கையை நீட்டினார். காகிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டார். பிறகு துரையின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"இப்போது பேசுங்கள் துரை, கேட்கிறேன்."