ஆறாத டப்பா

பெரியவர் சென்னிமலை, மேடேறும்போதே கொதித்துக்கொண்டுதான் வந்தார். கொதிக்காமல் என்ன செய்வார்? சாயப்பட்டறைக்காரன் கழிவை ஓடையில் திறந்துவிட்டதில் ஊர்க் கிணறெல்லாம் சிவந்து கிடந்தது. மகள் கையெல்லாம் புண். போன மாதம் ஊருக்காகக் கலெக்டரிடம் பேசப் போனவர், பட்டறைக்காரன் சிரித்ததைப் பார்த்துச் செருப்பைக் கழற்றி வீசிவிட்டார். போலீஸ் அவரை வெளியே இழுத்துத் தள்ளியது. அதன்பிறகு தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோரும் செருப்பைப் பற்றித்தான் பேசினார்கள்.

திங்கட்கிழமை கலெக்டரிடம் மறுபடி விசாரணை. விவரம் முழுதும் தெரிந்தவர் அவர்தான் என்பதால், அவரேதான் பேசியாக வேண்டும்.

மேட்டுக் குடிசையில் இருந்த வெள்ளையம்மாள் அவருக்குக் குரு, வயதில் இளையவர். அவர் இவரை அண்ணா என்பார், இவர் அவரை அம்மா என்பார்.

“எனக்குக் கோபமே வரக்கூடாதுங்கம்மா. அதுக்கொரு வழி சொல்லுங்க.”

“அடுப்புக்குக் கரி இல்லீங்கண்ணா. சுட்டுக் குடுங்க, சொல்றேன்.”

ஊரே நாசமாய்ப் போகிறது, இந்த அம்மாவுக்குக் கரி கேட்கிறது என்று எரிச்சலாக வந்தது. பழைய பெயிண்ட் டப்பாவில் வேலங்குச்சிகளை அடைத்து, மூடியைக் கல்லால் அடித்து இறுக்கித் தீயில் போட்டார். கொஞ்ச நேரத்தில் மூடி வெடித்து அவர் காதோரம் பறந்தது. புகை போக வழி விட்டீர்களா என்று மட்டும் அம்மா கேட்டார்.

அடுத்த டப்பா மூடியில் ஆணியால் துளை போட்டார். துளை வழியே வந்த புகை தீப்பிடித்து எரிந்து, பிறகு தானாக அடங்கியது. ஆறட்டும் என்றார் அம்மா. ஆறும்வரை உட்கார்ந்திருக்க எனக்கென்ன வேறு வேலை இல்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே சென்னிமலை குறட்டால் மூடியை நெம்பினார். காற்றுப் பட்டதும் உள்ளே இருந்ததெல்லாம் குப்பென்று பற்றிக்கொண்டு, அவர் கண்ணெதிரே சாம்பலானது.

டப்பாவை எட்டி உதைத்தார். அம்மா வேறொரு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இந்த முறை தீ அடங்கியதும் டப்பாவை வெளியே இழுத்து, துளையில் களிமண்ணை அப்பிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். வெயில் சாய்ந்தபின் தொட்டுப் பார்த்தார். சூடே இல்லை. திறந்தால், குச்சிகள் உருக்குலையாமல் கன்னங்கரேலென்று இருந்தன.

“புரிஞ்சுதுங்கம்மா,” என்றார். “கோபத்த ஆறப் போட்டுட்டு, அவன மன்னிச்சுப்போடோணும்.”

அம்மாவின் முகம் சிவந்தது. அவர் கோபப்பட்டுச் சென்னிமலை அதுவரை பார்த்ததில்லை. கரியைப் பிடுங்கி அடுப்புக் கங்கின்மேல் போட்டு ஊதினார். துளிப் புகை இல்லை. கரி செக்கச்செவேலென்று கனன்றது. குனிந்து பார்த்த சென்னிமலை, அனல் தாங்காமல் தானாகவே பின்னால் நகர்ந்தார்.

“ஆறப்போட்டது அணைக்கறதுக்கில்லீங்கண்ணா,” என்றார் அம்மா. “திங்கக்கிழமை அவனுக்கு எதுக்க போய் நில்லுங்க. இப்ப நீங்க நகுந்த மாதிரி அவன் நகுரோணும்.”