வரி வாங்காத வீடு

பள்ளிக்கூடத்தில் அறிவியல் கூடம் என்று பெயர்ப்பலகை இருந்தது. பலகைக்குப் பின்னால் நாலு பெஞ்சும், வாய் உடைந்த இரண்டு குடுவையும், பூட்டில்லாத ஒரு பீரோவும் இருந்தன. உள்ளே வைத்துப் பூட்ட ஒன்றும் இல்லாததால் பூட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அங்கே அறிவியல் நடத்தியவர் பவளக்கொடி டீச்சர். அவரிடம் பயிற்சிக்கு வந்தவள் தமயந்தி, திருச்சியில் பி.எட். படிக்கிறவள். வாதம் என்று வந்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நுண்ணோக்கியைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். பாகங்களைக் குறிக்கச் சொன்னால் ஒன்று விடாமல் குறிப்பார்கள். நேரில் எதிரே வந்தால் அடையாளம் தெரியாது. பரீட்சை முடிந்து போவதற்குள் ஒரு தடவையாவது அவர்கள் அதில் கண்ணை வைத்துவிட வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை. விலை ஆறாயிரத்துச் சொச்சம்.

தமயந்தி வந்த வாரமே மூன்று பக்கத்துக்கு மனு எழுதினாள். கருவி வாங்கித் தருவது அரசாங்கத்தின் கடமை, தர்மம் அல்ல என்று இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தாள். டீச்சர் படித்து, ஒரு பிழை திருத்தி, கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தார். சேர்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

“மனு அது பாட்டுக்குப் போகட்டும். நாம வீடு வீடா போவோம்.”

போனார்கள். வெங்காய மண்டிக்காரர் ஆயிரம் ரூபாய் கொடுத்தார். டீக்கடையில் இருநூறு கிடைத்தது. ஒரு வீட்டில் பத்து ரூபாயும் குடிக்க ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுத்தார்கள். டீச்சர் எல்லோரையும் ஒரே மாதிரி இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

தமயந்திக்குப் பொறுக்கவில்லை. “ஆயிரத்துக்கும் கும்பிடு, பத்துக்கும் கும்பிடா டீச்சர்?”

“என்ன செய்ய? கை ரெண்டுதானே இருக்கு.”

“சிரிக்காதீங்க டீச்சர். இருக்கிறவங்ககிட்ட வாங்கறது சரி. அன்னாடங்காய்ச்சிகிட்ட எதுக்குக் கை நீட்டணும்?”

டீச்சர் கிழக்குத் தெருவை அவளையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மேற்கே நடந்தார்.

கிழக்குத் தெருவின் கடைசி வீடு பூங்காவனத்தினுடையது. மண்டியில் வெங்காயத்துக்குத் தாளும் வேரும் அரியும் வேலை அவளுக்கு. புருஷன் திருப்பூர் போகிறேன் என்று போய் ஆறு வருஷமாகத் திரும்பவில்லை. ஒரே மகள் மலர்விழி, இதே பத்தாம் வகுப்பு. தமயந்தி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பூங்காவனம் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து ஐம்பது ரூபாயை நீட்டினாள்.

தமயந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “வேண்டாம்க்கா. பாவம், நீங்களே கஷ்டப்படறீங்க, உங்ககிட்டப் போய் வாங்கறதா?” என்றாள். அத்தோடு விடவில்லை. சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் அவள் ஏற்கெனவே வரி கட்டுவதையும், அந்த வரியிலிருந்துதான் பள்ளிக்கூடம் நடக்க வேண்டும் என்பதையும் விளக்கினாள். பூங்காவனம் கடைசிவரை கேட்டாள். பிறகு சுருக்குப்பையை இழுத்துக் கட்டினாள்.

“சரி டீச்சரம்மா.”

சாயங்காலம் தமயந்தி இதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள். டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார். “அவங்க முகத்தைப் பார்த்தியா?”

“பார்த்தேன் டீச்சர். கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு. நெகிழ்ந்துட்டாங்க.”

டீச்சர் அன்றைய வசூலை எண்ணத் தொடங்கினார்.

நுண்ணோக்கி ஒரு வியாழக்கிழமை வந்தது. பணம் கொடுத்தவர்கள் எல்லாரும் மறுநாள் மத்தியானம் வந்து பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். மண்டிக்காரர் வெள்ளை வேட்டியில் வந்தார். டீக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு வந்தார். பத்து ரூபாய் கொடுத்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிசையில் முதலில் நின்றாள்.

பூங்காவனமும் வந்திருந்தாள். ஆனால் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டாள். அங்கிருந்தே மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தமயந்தி ஓடிப்போய்க் கூப்பிட்டாள்.

“இல்லம்மா, குடுத்தவங்க பாக்கட்டும். நான்தான் குடுக்கலையே.”

“அதெல்லாம் இல்லக்கா. யாரு வேணும்னாலும் பார்க்கலாம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

பூங்காவனம் சிரித்தாள். “நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரியாது. இங்க மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினா தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வீட்டுக்கு வீடு வரி வாங்குவாங்க. என் வீட்டைத் தாண்டிப் போயிடுவாங்க. ஆம்பளை இல்லாத வீடு, பாவம், அவகிட்ட வேணாம்னு. வரி வாங்காத வீட்டுக்கு ஊர்ல பேச்சும் கிடையாது, கோயில்ல பங்கும் கிடையாது. ஆறு வருஷமாச்சு, பழகிடுச்சு.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீங்களும் அதே வார்த்தையைத்தான் சொன்னீங்க.”

 

தமயந்தி உள்ளே வந்து டீச்சரின் காதோரம் கேட்டாள். “உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப ஏன் டீச்சர் எனக்குச் சொல்லலை?”

“சொல்லியிருந்தா நீ என்கூட வாதாடி ஜெயிச்சிருப்ப.”

“இப்ப நான் போய் மன்னிப்புக் கேட்கட்டுமா?”

டீச்சர் மேசையைக் காட்டினார். சத்துணவுக் கூடத்திலிருந்து வாங்கி வந்த வெங்காயம் அங்கே கிடந்தது. இதழின் உள்பக்கத்து மெல்லிய தோலைக் கிழியாமல் உரித்துக் கண்ணாடித் தகட்டில் விரித்தால்தான் எதையாவது பார்க்க முடியும். காலையிலிருந்து தமயந்தி நாலு வெங்காயத்தைக் குதறி வைத்திருந்தாள். டீச்சர் ஐந்தாவதை எடுத்தார். இடுக்கியால் தோலைப் பிடித்து இழுத்தார். அதுவும் கிழிந்தது. பதினைந்து வருஷம் அறிவியல் நடத்தியவர், வேண்டுமென்றே கிழித்தாரோ என்று தமயந்திக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

“எனக்கும் வரலை,” என்றார் டீச்சர். “உரிக்க வர்றவங்க வாசல்ல நிக்கிறாங்க. வரிசையில இத்தனை பேர் நிக்கிறப்போ மன்னிப்பை வச்சு நாம என்ன செய்யறது?”

தமயந்தி மறுபடியும் வாசலுக்குப் போனாள். இந்தத் தடவை விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

“அக்கா, வெங்காயத்துல தோல் உரிக்க வரலை. வந்து உரிச்சுக் குடுங்க.”

பூங்காவனம் அவளையே பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்ததும், “படிச்சவங்க ரெண்டு பேரு சேர்ந்து அஞ்சு வெங்காயத்தைக் கொலை பண்ணியிருக்கீங்க” என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். இடுக்கியை ஒதுக்கிவிட்டு நகத்தின் நுனியால் ஒரு இழுப்புத்தான் இழுத்தாள். பனித்துளி காய்ந்த மாதிரி ஒரு தோல் முழுசாக வந்தது. டீச்சர் அதைத் தகட்டில் விரித்து, முதலுதவிப் பெட்டியிலிருந்த அயோடினில் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் வைத்து, அதன் அடிக்கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினார்.

“உரிச்சவங்க முதல்ல பாருங்க.”

பூங்காவனம் ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

“செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு,” என்றாள் மெதுவாக. “இத்தனை வருஷமா இதைத்தான் அரிஞ்சுக்கிட்டு இருந்தேனா?”

“அம்மா, போதும் நகரு. நாங்களும் பார்க்கணும்,” என்றாள் பின்னால் நின்ற மலர்விழி.

நிமிர்ந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதற்கு இன்னும் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டாள். தோல்மேல் மூடுகிற சின்னக் கண்ணாடிச் சில்லு ஒரு பெட்டி வேண்டும் என்றாள் தமயந்தி.

“அது என் வீட்டு வரி. வேற யாருகிட்டயும் வாங்கிடாதீங்க.”

வேண்டாம் என்ற சொல் தமயந்தியின் தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

“வாங்கிக்கறேன்க்கா. ரொம்ப நன்றி.”

“நான்ல உங்களுக்குச் சொல்லணும்,” என்றாள் பூங்காவனம்.

தமயந்தி டீச்சர் பக்கம் திரும்பினாள். “நான் அவங்களுக்கு நன்றி சொல்றேன், அவங்க எனக்குச் சொல்றாங்க. இதுல குடுத்தது யாரு டீச்சர், வாங்கினது யாரு?”

டீச்சர் அடுத்த தோலுக்காக இன்னொரு தகட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“வரிசை நீளமா இருக்கு தமயந்தி. அடுத்த வெங்காயத்தை அவங்ககிட்டக் குடு.”