இணை வரும்வரை மறையாத உடுக்குறி

அந்தக் காலத்தில் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் வாயும் காலும் இருந்தன. அவை மெல்லிய கம்பியொன்றின்மேல் வரிசையாக நடந்து ஆற்றைக் கடக்கும். அக்கரையில், பாலத்தருகே இருந்த பலகையில் ஏறி நின்று செய்தியாகும்.

ஒரு மழைநாளில், மதகைக் காத்துவந்த நாகவல்லி, பாலத்தின் தூணில் விரிசல் விட்டிருப்பதைக் கண்டாள். அக்கரையில் அவள் தங்கை பூரணி கைக்குழந்தையோடு வண்டி பூட்டிக்கொண்டிருந்தாள். கூவினால் வெள்ள இரைச்சலில் கேட்காது. ஆகவே, ‘பாலத்தில் ஏறாதே’ என்னும் சொற்களுக்குச் சிவப்பும் பொன்னும் அணிவித்து அனுப்பினாள். கம்பி அச்சுமையைத் தாங்கவில்லை. பலகையை அடைந்தவை படிக்க முடியாத வெறும் கட்டங்களே. அணிகளைக் களைந்து மீண்டும் அனுப்பினாள். மழை, சந்தை, மாட்டுத்தீவனம் பற்றிய வரிகளுக்கிடையே அவ்வரியும் ஒன்றாய்க் கலந்து நின்றது. பூரணி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

அப்போது, விண்மீன் வடிவிலான உடுக்குறிகள் இரண்டு முன்வந்தன.

“நாங்கள் சுமையற்றவர்கள், அம்மா,” என்றது மூத்தது. “சொற்களின் இருபுறமும் ஒட்டி நின்றால், பலகை அவற்றைச் சாய்த்துக் காட்டும். நிமிர்ந்தவற்றிடையே சாய்ந்தவை கண்ணில் படும். நாங்கள் மட்டும் மறைந்துவிடுவோம்.”

“மறைய உனக்கு ஆசை, அண்ணா. என்னை ஏன் இழுக்கிறாய்?” என்றது இளையது.

“வாயை மூடிக்கொண்டு நட.”

மூத்தது முன்னே சென்றது, சொற்கள் தொடர்ந்தன, இளையதோ பாதிக் கம்பியில் அஞ்சி நின்றுவிட்டது. பலகையில் எழுத்துகள் நிமிர்ந்தே இருந்தன. வண்டி நகர்ந்தது.

“மறைவதாகச் சொன்னாயே, ஏன் அழுக்குப்போல ஒட்டிக்கொண்டிருக்கிறாய்?” என்று அருகிலிருந்த அரைப்புள்ளி சீறியது.

“நான் மறைந்தால், தன்னை எந்த வரி தேடுகிறதென்று தம்பிக்கு எப்படித் தெரியும்? அவன் வரும்வரை தெரியும்படி நிற்பேன்.”

தனித்து நின்ற அண்ணனை இளையது பார்த்தது. மாடு பாலத்தை நெருங்குவதையும் பார்த்தது. ஓடியது. கடைசி எழுத்தை இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டது. இரண்டும் ஒருசேர மறைந்தன; சொற்கள் சாய்ந்தன.

பூரணி கயிற்றை இழுத்துப் பிடித்தாள். மாட்டின் முன்கால் ஒன்று பாலத்தின்மேல் இருந்தது.

அன்று முதல்தான், மார்க்டவுன் என்னும் எளிய எழுத்துமுறையில், சொல்லை இருபுறமும் ஒட்டிய உடுக்குறிகள் அதைச் சாய்த்துவிட்டுத் தாம் மறைகின்றன. இணை வராத உடுக்குறியோ, கண்ணுக்குத் தெரிந்தபடியே காத்து நிற்கிறது.