ஏட்டய்யாவின் அறையில் பூச்சி

மலையடிவாரத்தில் எங்கள் மடம். பேர்தான் மடம், ஆறு அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு கிணறு, அவ்வளவுதான். நல்லம்மை எங்கள் குரு. அவருக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் உபதேசம் வாங்கிய அர்த்தநாரிக்கு அறுபத்துமூன்று.

அர்த்தநாரி முப்பது வருஷம் போலீசில் ஏட்டாக இருந்தவர். காவி கட்டி நாலு வருஷமாகியும் எங்களுக்கு அவர் ஏட்டய்யாதான். அவரும் மாறிவிடவில்லை. தயிர் புளித்திருந்தால்கூட, நேற்று உறை ஊற்றியது யார் என்று கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

கார்த்திகைக் கடைசியில் சடையன் என்பவர் ஒரு மஞ்சப்பையோடு வந்து, இருக்க இடம் கேட்டார். ஐம்பது வயதிருக்கும். வருகிறவரிடம் முன்கதை கேட்பதில்லை என்பது மடத்தின் வழக்கம். நல்லம்மை சமையல்கட்டைக் காட்டினார். சடையன் அன்றைக்கே அடுப்பு மூட்டிவிட்டார்.

ஏட்டய்யா சும்மா இருப்பாரா? பழைய சிநேகிதர்களிடம் விசாரித்து, மூன்றாம் நாளே சேதி கொண்டுவந்தார். "ஏழு வருஷம் உள்ளே இருந்துட்டு வந்தவன். போறதுக்கு வீடு இல்லை, வான்னு கூப்பிட ஆளும் இல்லை."

"தெரியும், சொன்னாரு" என்றார் நல்லம்மை.

நாலாம் நாள் காலையில் ஏட்டய்யாவின் தலையணையில் ஒரு நாற்றப்பூச்சி. கேடயம் மாதிரி முதுகு, நகத்தளவுதான் இருக்கும். அவர் செருப்பால் ஒரே நசுக்கு நசுக்கினார். அழுகின கொத்தமல்லி வாடை அறை முழுக்கக் கிளம்பியது.

மறுநாள் மூன்று. அதற்கடுத்த நாள் துண்டுக்குள், திருநீற்றுப் பைக்குள், குடிதண்ணீர்ச் செம்புக்குள். மற்ற ஐந்து அறையில் ஒன்றுகூட இல்லை.

"பார்த்தியா கந்தாயி? எல்லா அறையையும் விட்டுட்டு என் அறைக்கு மட்டும் வருது. பூச்சிக்கு விலாசம் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் மடத்தில் பெருக்குகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "போலீஸ்னு கேள்விப்பட்டு மனு கொடுக்க வந்திருக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஜன்னல் இடுக்கில் துணி திணித்தார். கதவடியில் சாக்கை மடித்துப் போட்டார். ஓட்டுச் சந்தில் களிமண் அப்பினார். பூச்சி வந்துகொண்டே இருந்தது. அவரும் நசுக்கிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் போனால் நாறினார், பாவம்.

இதற்குள், இது சடையன் வேலைதான் என்று ஏட்டய்யா சொல்லிச் சொல்லி மடமே ஒருமாதிரி ஆகிவிட்டது. சடையன் சோறு போட்டால் கிளறிப் பார்த்துச் சாப்பிட்டார்கள். நானும் என் துணிமூட்டையை உதறிப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். சடையன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு விறகு எடுக்கப் போய்விட்டார்.

மார்கழி இரண்டாம் வாரம் ஏட்டய்யா நல்லம்மையின் முன்னால் வந்து நின்றார்.

"தாயே, ஒண்ணு அவன் இருக்கணும், இல்லை நான் இருக்கணும்."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் பேசலாம்" என்றார் நல்லம்மை.

சேதி சமையல்கட்டுக்கும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சடையன் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு வந்து வாசலோரம் நின்றார்.

நல்லம்மை கேட்டார், "சொல்லுங்க ஏட்டய்யா. என்ன சாட்சி?"

"முதல் சாட்சி, இவன் வந்த நாலாம் நாள்லேர்ந்துதான் பூச்சி. அதுக்கு முன்னாடி நாலு வருஷம் ஒண்ணு கிடையாது."

"சரி."

"இரண்டாவது, இவன் கையை மோந்து பாருங்க. அதே நாத்தம்."

நல்லம்மை சடையனைப் பார்த்தார். சடையன் தானாகவே கையை நீட்டினார். எனக்கே வாடை அடித்தது.

"சரி. மூணாவது?"

ஏட்டய்யா தொண்டையைச் செருமிக்கொண்டார். "பத்து நாளைக்கு முன்னால என் கண்ணால பார்த்தேன் தாயே. சமையல்கட்டுக் கொல்லையில, என் சுவரோரமா அவரைப் பந்தல் இருக்கில்ல? அங்க குந்திக்கிட்டு, பூச்சியை ஒண்ணொண்ணாப் பொறுக்கி ஒரு செம்புல போட்டான். போட்டு மூடி, துணியால கட்டினான். யாரும் பார்க்கறாங்களான்னு திரும்பித் திரும்பிப் பார்த்தான். இதைவிட என்ன வேணும்?"

நல்லம்மை சடையனிடம் கேட்டார், "பொறுக்கினீங்களா?"

"பொறுக்கினேங்க. தினமும் பொறுக்கறேன். அவரைக்கொடி முழுக்க அதுதான். மடத்துல உயிரைக் கொல்லக்கூடாதுன்னீங்க. அதான் செம்புல போட்டு, ஏரிக்கு அந்தாண்ட புதர்ல விட்டுட்டு வரேன்."

"திரும்பித் திரும்பிப் பார்த்தீங்களாமே?"

"இங்க வந்ததுலேர்ந்து அப்படித்தாங்க பார்க்கறேன். யாரோ பார்த்துக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு."

"கை நாறுதே?"

"அது கடிக்காது, கொட்டாதுங்க. பயந்தா நாறும். எவ்வளவு பதமாப் பிடிச்சாலும் கொஞ்சம் பயந்துடுது."

"நல்லாக் கதை விடறான்" என்றார் ஏட்டய்யா. "அந்தச் செம்பைத்தான் தாயே என் அறையில கவுக்கறான்."

நல்லம்மை மெல்லக் கேட்டார்.

"ஏட்டய்யா, நீங்க எங்கேருந்து பார்த்தீங்க?"

"என் அறையிலேருந்துதான்."

"உங்க ஜன்னல் கிழக்கே இருக்கு. கதவும் கிழக்கே. கொல்லை மேற்கே."

ஏட்டய்யா தோள்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். முப்பது வருஷம் அவர் மற்றவர்களைக் கேட்ட கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

நல்லம்மை எழுந்து ஏட்டய்யாவின் அறைக்குப் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். மேற்குச் சுவரில் ஒரு முருகன் காலண்டர் தொங்கியது, கட்டிலில் உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு. காலண்டரை யாராவது அவ்வளவு தாழ்வாக மாட்டுவார்களா? தினமும் பெருக்குகிற எனக்கு அது தோன்றவே இல்லை, பாருங்கள்.

"கதவைச் சாத்து கந்தாயி. ஜன்னலையும் சாத்து" என்றார் நல்லம்மை. சாத்தினேன். அறை இருட்டானது.

"ஏட்டய்யா, காலண்டரை எடுங்க."

அவர் தயங்கினார். பிறகு எடுத்தார்.

சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை ஒன்று. மேற்கே சாய்ந்திருந்த வெயில் அதன் வழியாக நேரே வந்து தலையணையில் விழுந்தது. காலண்டரின் முதுகிலும் சுவரிலும், வெயிலுக்கும் குளிருக்கும் ஒதுங்கின மாதிரி, பத்துப் பதினைந்து பூச்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரைக்கொடியிலிருந்து இன்னொன்று ஓட்டைக்குள் தலையை நீட்டி, மீசையை ஆட்டிப் பார்த்து, சாவகாசமாக உள்ளே நடந்து வந்தது.

"எப்ப போட்டீங்க?"

"இவன் ஜெயில்ல இருந்தவன்னு தெரிஞ்ச அன்னிக்கு தாயே. சடையன் வந்த மூணாம் நாள்." காலண்டரைக் கையில் பிடித்தபடியே சொன்னார். "அன்னிக்குச் செம்போட பார்த்தப்புறம் காலண்டரைத் தூக்கவே இல்லை. கையும் களவுமாப் பார்த்தாச்சேன்னு விட்டுட்டேன்."

ஏட்டய்யாவின் கண், தான் துணி திணித்த ஜன்னலையும் சாக்குப் போட்ட கதவையும் மண் அப்பிய ஓட்டுச் சந்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. சடையனின் முகத்துக்கு மட்டும் வரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் துணிமூட்டையை உதறினவள் நான், யார்மேல் கோபப்பட?

சடையன்தான் நகர்ந்தார். மஞ்சப்பையைக் கட்டில் காலோரம் வைத்துவிட்டு, கொல்லையிலிருந்து தன் செம்பை எடுத்துவந்து, சுவரிலும் காலண்டரிலும் இருந்த பூச்சிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏற்றி, செம்பில் விட ஆரம்பித்தார். வாடை அவ்வளவாக வரவில்லை.

ஏட்டய்யா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசிப் பூச்சியும் செம்புக்குள் போனதும், "களிமண் மிச்சம் இருக்கு. நானே அடைச்சுடறேன்" என்றார்.

"கொஞ்சம் சாணி சேர்த்துக்கணும் ஏட்டய்யா. வெறும் மண்ணுன்னா காஞ்சதும் வெடிச்சுடும். நான் பிசைஞ்சு தரேன்" என்றார் சடையன். பையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனார்.

ஏட்டய்யா அந்தப் பையைப் பார்த்தார். பிறகு நல்லம்மையைப் பார்த்தார்.

"தாயே, இதை வெளியேருந்து அடைக்கறதா, உள்ளேருந்து அடைக்கறதா?"

நல்லம்மை கதவைத் திறந்தார்.

"பூச்சிக்குன்னா, வெளியே அடைச்சாலே போதும்."